சுவர்க் குழாயா, கதவுக் குழாயா, வெறும் ஃப்ரிட்ஜா? ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் வீட்டு பார் கட்டுகிறவர்களுக்கு

வீட்டு பிளானைச் சுருட்டிக்கொண்டு என்னிடம் வருகிறவர்கள் முன்பெல்லாம் இரண்டு கேள்விகள்தான் கேட்பார்கள்: ஏசிக்கு எங்கே ஓட்டை விடுவது, இன்வெர்ட்டரை எங்கே வைப்பது. இப்போது மூன்றாவதாக ஒன்று வருகிறது, குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு. "அண்ணா, ஹால் சுவத்துல இருந்தே பீர் வர்ற மாதிரி ஒரு டேப் வைக்க முடியுமா?"

கேட்பவர்கள் பெரும்பாலும் ஓசூரில் வேலை பார்க்கும் இளைஞர்கள். பெங்களூரு பப்களில் பார்த்திருப்பார்கள், அல்லது அமெரிக்காவில் நண்பர் வீட்டில் பார்த்திருப்பார்கள். அங்கே சுவரில் பளபளவென்று ஒரு குழாய் மட்டும்தான் தெரியும். கெக் என்கிற பானம் அடைத்த எஃகு உருளை, அதைத் தள்ளும் கேஸ் சிலிண்டர், ஃப்ரிட்ஜ் எல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம். பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. பல வருடம் குளிர்சாதன வேலை செய்தவன் என்பதால் அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்பதுதான் எனக்கு முதலில் கண்ணில் படும்.

குழாயில் என்ன ஓடப்போகிறது?

பிளானைப் பிரிப்பதற்கு முன்னால் இதைப் பேசிவிட வேண்டும். 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்தது அன்றைய சேலம் மாவட்டத்தில். இன்றைய தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அப்போது அதற்குள்தான் இருந்தன. தருமபுரி தனி மாவட்டமானது 1965இல், அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004இல். ராஜாஜி பிறந்த தொரப்பள்ளியோ ஓசூருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அந்த மண்ணில் நின்றுகொண்டுதான் சுவரில் பீர் குழாய் கேட்கிறோம்.

மதுவிலக்கு போய்விட்டது, ஆனால் அந்த 1937ஆம் ஆண்டுச் சட்டம் பல திருத்தங்களோடு இன்னும் நடப்பில் இருக்கிறது. 2003 முதல் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில். அங்கே பாட்டிலும் டின்னும் கிடைக்கும், வீட்டுக்குக் கெக் கிடைக்காது. கர்நாடக எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளி தாண்டி ஏற்றி வரலாமே என்றால், அனுமதியில்லாமல் வெளிமாநில மதுவைக் கொண்டுவருவது குற்றம். ஜூஜூவாடி செக்போஸ்டில் அதை விளக்கிக்கொண்டு நிற்க வேண்டாம். வீட்டிலேயே காய்ச்சுவதும் உரிமமில்லாமல் கூடாது. வீட்டில் எவ்வளவு வைத்திருக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. சந்தேகம் இருந்தால் கலெக்டர் ஆபீஸில் மதுவிலக்கு ஆயத்தீர்வைப் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள், என்னிடம் கேட்காதீர்கள்.

"பாட்டில் பீரை வாங்கி கெக்கில் ஊற்றினால்?" என்று ஒருவர் கேட்டார். ஊற்றும்போதே பாதி கேஸ் போய்விடும், காற்றுப் பட்டு இரண்டு நாளில் நனைந்த அட்டை மாதிரி ருசி வந்துவிடும். அந்தக் காசுக்கு அதைப் பாட்டிலோடேயே குடித்துவிடலாம்.

ஆக, இங்கே சுவர்க் குழாயில் ஓடக்கூடியது சோடா. ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் கார்னி கெக் என்று சொல்கிறார்களே, அந்த 19 லிட்டர் எஃகு உருளை, அது பிறந்ததே குளிர்பானக் கடைகளுக்காகத்தான். வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் அதைப் பின்னால்தான் எடுத்துக்கொண்டார்கள். குழாய், ரெகுலேட்டர், குளிர் எல்லாம் இரண்டுக்கும் ஒரே கணக்கு. கெக் விற்கும் ஊரில் வீடு இருக்கிறவர்களுக்கும் கீழே சொல்வது அப்படியே பொருந்தும்.

எதை வைத்து எடை போடுவது

எல்லாரும் முதலில் விலையைக் கேட்கிறார்கள். நான் தூரத்தைக் கேட்பேன். கெக்கிலிருந்து குழாயின் வாய் வரை எத்தனை அடி, அதில் எத்தனை அடி குளிருக்கு வெளியே இருக்கிறது? கேஸ் ஏறிய எந்தப் பானமும் சூடான இரும்பைத் தொட்டால் நுரையாகிவிடும். மற்ற தொல்லைகளில் பாதி இந்த ஒன்றிலிருந்து கிளைப்பவை.

அடுத்தது சுத்தம். யார் கழுவப்போகிறார்கள்? பீர் லைனை, அதாவது கெக்கிலிருந்து டேப்புக்குப் போகும் மெல்லிய குழாயை, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை காரக் கரைசல் விட்டுக் கழுவ வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை அமிலக் கரைசல் விட வேண்டும் என்பது அமெரிக்க பீர் தயாரிப்பாளர்கள் வகுத்திருக்கும் வழக்கம். வெறும் சோடாவுக்கு இவ்வளவு வேண்டாம். ஆனால் நன்னாரி சர்பத்தையே கெக்கில் ஊற்றி லைனில் விடுகிறேன் என்று யாராவது கிளம்பினால் நிலைமை பீரைவிட மோசம். சர்க்கரைத் தண்ணீர் லைனில் வெதுவெதுப்பாக நான்கு நாள் தங்கினால் ஈஸ்ட் வந்து உட்கார்ந்துவிடும், குழாய்க்குள் தானாகவே கள் வடிய ஆரம்பிக்கும். மாம்பழக் கூழ் பற்றிப் பேச்சே வேண்டாம், நார் அடைத்துக்கொள்ளும். பெங்களூரா மாம்பழம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் சரி. லைனில் சோடா மட்டும், நன்னாரியும் எலுமிச்சையும் பன்னீரும் கிளாஸில். இதில் நான் பேரம் பேசுவதில்லை.

மூன்றாவது கேஸ். 5 கிலோ கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் முழுதாகக் கசிந்தால் ஏறத்தாழ 2,700 லிட்டர் வாயு. பத்துக்குப் பத்து ஸ்டோர் ரூம், பத்தடி உயரம் என்றால் உள்ளே இருக்கும் காற்று 28,000 லிட்டர். கணக்குப் போட்டால் பத்தில் ஒரு பங்கு. அந்த அளவில் ஆள் சில நிமிடத்தில் மயங்கிவிழுவார். மணம் கிடையாது, காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். அதனால் ஜன்னலில்லாத ஸ்டோர் ரூமிலும் ஏசி போட்டு அடைத்த அறையிலும் வைக்கக் கூடாது. 19 லிட்டர் சோடாவுக்குக் கால் கிலோ சொச்சம் கேஸ்தான் செலவாகும், எனவே வீட்டுக்கு 2 கிலோ சிலிண்டரே தாராளம். நிமிர்த்தி வைத்துச் சங்கிலி போடுங்கள். தோள்பட்டையில் பொறித்திருக்கும் சோதனைத் தேதியைப் பாருங்கள். நிரப்பும்போது உணவுத் தரக் கேஸ் என்று கேட்டு வாங்குங்கள், தீயணைப்பு சிலிண்டர் நிரப்புகிற இடத்தில் கிடைப்பதை அப்படியே குடிக்க முடியாது.

மீதி இரண்டும் சின்ன விஷயம்: சுவர் எத்தனை அங்குலம், கரண்ட் எவ்வளவு நேரம் போகும்.

முதல் வழி: சுவருக்கு நேர் பின்னால் ஃப்ரிட்ஜ்

சுவர்க் குழாய்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் இதுதான் சரியான முறை. ஹாலுக்கு அடுத்த அறையில் சுவரை ஒட்டி ஃப்ரிட்ஜ், அதற்குள் கெக். ஃப்ரிட்ஜின் பக்கவாட்டிலும் சுவரிலும் ஒரே நேர்கோட்டில் துளை, அதன் வழியாக ஷாங்க் என்கிற எஃகுத் தண்டு, இந்தப் பக்கம் டேப். லைன் முழுக்க ஃப்ரிட்ஜுக்குள் சுருண்டு கிடக்கும்.

சிக்கல் சுவரின் கனம். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஷாங்க் நாலு அங்குலம்தான். நம் ஊர் வெளிச்சுவர் ஒன்பது அங்குலம், இரண்டு பக்கப் பூச்சோடு பத்து. நாலரை அங்குல உள்சுவராக இருந்தாலும் ஃப்ரிட்ஜின் சுவரையும் சேர்த்தால் நீள ஷாங்க் தேடத்தான் வேண்டும். அதைவிட முக்கியம், சுவருக்குள் இருக்கும் அந்தப் பத்து அங்குலம் குளிராக இருக்காது. அரை மணி நேரம் கழித்துக் குழாயைத் திறந்தால் முதலில் வருவது நுரை. இதற்கு வழி, ஷாங்க் மட்டும் நுழைகிற மாதிரி துளை போடாமல் மூன்று அங்குலம் கோர் கட்டிங் செய்து (மெஷினால் சுவரை வட்டமாக அறுத்து எடுப்பது), பிவிசி பைப் துண்டு செருகி, ஃப்ரிட்ஜுக்குள்ளிருந்து கம்ப்யூட்டர் ஃபேன் மாதிரி சின்ன விசிறி வைத்துக் குளிர்காற்றை அந்தப் பைப்புக்குள் தள்ளுவது. ஷாங்க் அந்தக் காற்றிலேயே கிடக்கும். ஹால் பக்கம் வாயை நன்றாக அடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் மழைக்காலத்தில் டேப்பைச் சுற்றிச் சுவர் வியர்க்கும்.

இன்னொரு ஆபத்து, வீட்டு ஃப்ரிட்ஜின் பக்கவாட்டைத் துளைப்பது. பல மாடல்களில் கண்டென்சர் குழாய் பக்கத் தகட்டுக்குள்ளேயே ஓடும். ஓடும்போது தொட்டால் சூடு தெரிகிறதல்லவா, அதுதான். அங்கே டிரில் பட்டால் ஃப்ரிட்ஜ் அன்றோடு சரி. புது ஃப்ரிட்ஜ்களில் இருப்பது பெரும்பாலும் ஆர்600ஏ, அது ஐசோபியூட்டேன், தீப்பிடிக்கும். பழைய ஃப்ரிட்ஜ் வைத்து ஒப்பேற்ற நினைப்பவர்கள் முதலில் பக்கத்தில் கை வைத்துப் பார்த்துவிட்டு டிரில்லை எடுங்கள். கடைகளில் குளிர்பானம் அடுக்கும் விசி கூலர் இதற்குத் தோது, அதில் பெரும்பாலும் பக்கச் சுவர் காலியாக இருக்கும்.

அப்புறம் அழுத்தம். அதை பிஎஸ்ஐ என்ற அளவில் சொல்வார்கள், ரெகுலேட்டர் முள் காட்டும். 3 டிகிரி குளிரில் பீருக்கு 12 பிஎஸ்ஐ போதும், லைன் இரண்டு மூன்று மீட்டர். சோடா சுரீரென்று இருக்க வேண்டுமானால் 30 பிஎஸ்ஐ வேண்டும், அதே மெல்லிய லைன் ஆறு மீட்டருக்கு மேல் சுற்ற வேண்டும். இல்லையென்றால் கிளாஸிலிருந்து முகத்துக்குத் தெறிக்கும். ஓசூர்க்காரர்களுக்கு ஒரு கூடுதல் குறிப்பு: நீங்கள் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் மேலே இருக்கிறீர்கள், வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு. எந்த அட்டவணையைப் பார்த்தாலும் அதில் இருப்பதோடு ஒன்றரை பிஎஸ்ஐ கூட்டி வையுங்கள். மலை இறங்கிக் கிருஷ்ணகிரி வந்துவிட்டால் முக்கால் போதும்.

டேப்பும் ஷாங்கும் எஃகில் இருக்கட்டும். பித்தளை மேல் குரோமியம் பூசியது விலை குறைவு, ஆனால் சோடா அமிலம், பூச்சு தேய்ந்ததும் உலோகத்தைக் கரைக்கும். ஏசி வேலையில் மிஞ்சிய செம்புக் குழாயை லைனாகப் போடலாமா என்று என் உதவியாளரே ஒருநாள் கேட்டான். சோடாவில் செம்பு கரைந்தால் வாந்திதான்.

டேப்புக்குக் கீழே கிளாஸ் வைக்கும் இடத்துக்கு கிரானைட் போடுங்கள். நம் மாவட்டத்தில் துண்டுக் கல்லுக்கா பஞ்சம்? மார்பிளில் எலுமிச்சைச் சொட்டு விழுந்தால் தழும்பு விழும், கிரானைட் அசையாது. சொட்டுத் தட்டுக்கு ஒரு வடிகால் குழாயும் இப்போதே விட்டுவிடுங்கள். எறும்பு வந்த பிறகு நினைத்துப் பயனில்லை.

யாருக்கு இது சரி? சொந்த வீடு, இன்னும் பூச்சு முடியாத நிலை, ஹாலுக்குப் பின்னால் காற்றோட்டமுள்ள அறை, வாரத்துக்கு ஒரு முறையாவது ஏழெட்டுப் பேர் கூடும் குடும்பம். இந்த நான்கும் இருந்தால் தயங்காமல் செய்யலாம்.

இரண்டாம் வழி: தூரத்து அறையிலிருந்து நீண்ட லைன்

இதை நானே ஒரு முறை செய்து பட்டிருக்கிறேன். கிருஷ்ணகிரியில் மச்சான் வீடு. பின்கட்டு ஸ்டோர் ரூமில் ஃப்ரிட்ஜ், முன் சிட்-அவுட்டில் டேப், நடுவில் 11 மீட்டர். சுவரில் காடி எடுத்து, மெல்லிய ஃபோம் சுற்றி, பூசி மூடிவிட்டேன். திறப்பு விழா அன்று வந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் கிளாஸைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், குழாயிலிருந்து வெதுவெதுப்பான நுரை. கால் இன்ச் குழாயில் ஒரு மீட்டருக்கு 32 மில்லி நிற்கும். 11 மீட்டருக்கு 350 மில்லி. ஒவ்வொரு முறையும் ஒரு கிளாஸ் முழுக்க வீணாக்கினால்தான் அடுத்தது குளிராக வரும். ஐப்பசி மழையில் காடி எடுத்த பாதை முழுவதும் சுவரில் ஈரக்கோடு தெரிந்தது, பாம்பு ஊர்ந்த மாதிரி. "மாமா, சோடா சுவத்துல வருது, டேப்லதான் வரல" என்று மச்சான் பையன் சொன்னதை இன்றைக்கும் வீட்டில் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

பெரிய பப்களில் 30, 40 மீட்டர் ஓட்டுகிறார்களே என்றால், அங்கே கிளைக்கால் சில்லர் இருக்கிறது. புரோப்பிலின் கிளைக்காலும் தண்ணீரும் கலந்த குளிர்ந்த கரைசல், பீர் லைன்களோடு ஒட்டி ஒரே தடித்த உறைக்குள் போய்த் திரும்பி வந்துகொண்டே இருக்கும், இரவும் பகலும். பத்து டேப் ஓடுகிற இடத்துக்கு அது கட்டுப்படியாகும். சனிக்கிழமை மட்டும் ஆறு கிளாஸ் ஊற்றுவதற்கு வாரம் முழுக்க ஒரு கம்ப்ரசர் ஓட வேண்டுமா? கரண்ட் போனால் கெக் அஞ்சாறு மணி நேரம் தாங்கும், லைன் அரை மணிகூடத் தாங்காது. இதில் இன்னொரு எச்சரிக்கை: கிளைக்கால் என்றதும் கார் ரேடியேட்டர் கூலண்ட் ஊற்றிவிடாதீர்கள். அதில் இருப்பது எத்திலின் கிளைக்கால், விஷம். குளிர்காற்றை டக்ட் வழியாக ஊதி லைனைக் குளிர்விக்கும் முறையும் உண்டு, ஆனால் ஏழு மீட்டருக்கு மேல் அது எடுபடாது.

கீழே கெக், மாடியில் டேப் என்றால் 3 மீட்டர் ஏற்றத்துக்கு நாலு பிஎஸ்ஐக்கு மேல் அதிலேயே போய்விடும். மொட்டை மாடி அறையில் கெக் வைக்கிறேன் என்பவர்கள் தருமபுரி சித்திரை வெயிலில் ஒரு மதியம் அந்த அறையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும்.

ரிசார்ட், ஹோட்டல் கட்டுகிறவர்களுக்கு இது. வீட்டுக்கு நான் இனி செய்துதர மாட்டேன்.

மூன்றாம் வழி: ஃப்ரிட்ஜ் கதவிலேயே டேப்

சுவரைத் தொடவே வேண்டாம். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் கதவில் ஒரு துளை, நாலு அங்குல ஷாங்க், டேப். கதவுக்குள் கேஸ் குழாய் எதுவும் ஓடாது, தைரியமாகத் துளைக்கலாம். ஷாங்கின் பின்பாதி ஃப்ரிட்ஜ் குளிரிலேயே இருப்பதால் முதல் கிளாஸும் ஒழுங்காக வரும். கழுவ வேண்டுமா, கதவைத் திறந்தால் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். வாடகை வீடாக இருந்தாலும் கவலையில்லை, மாறும்போது ஃப்ரிட்ஜோடு போய்விடும். வீட்டுக்காரரிடம் சுவர் துளைக்கு அட்வான்ஸில் கழித்துக்கொடுக்க வேண்டாம்.

குறை என்று பார்த்தால் தோற்றம்தான். சுவரிலிருந்து பானம் வருகிற மாயம் இதில் இல்லை. மரவேலை ஆசாரியிடம் சொல்லி மூன்று பக்கமும் அடைத்து அலமாரி மாதிரி ஆக்கிவிடலாம், ஆனால் பின்னாலும் மேலேயும் காற்றுப் போக இடம் விடாமல் அடைத்தால் கம்ப்ரசர் திணறும். அழகுக்காக அடைத்து ஒரே கோடையில் கம்ப்ரசர் மாற்றிய வீடுகளைப் பார்த்திருக்கிறேன். சொட்டுத் தட்டைக் கையால் எடுத்துக் கொட்ட வேண்டும், அது ஒரு வேலையா?

கேட்டவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு நான் இதைத்தான் சொல்லி அனுப்புகிறேன்.

நான்காம் வழி: குழாயே வேண்டாம்

மாதத்துக்கு ஒரு முறை நாலு பேர் வருகிறார்கள் என்றால் நல்ல விசி கூலர் ஒன்று, பாட்டில், டின், கோலி சோடா. கேஸும் லைனும் கிடையாது, கழுவும் வேலையும் இல்லை. குழந்தைகள் இருக்கும் வீட்டில் பாட்டில் அடுக்குக்குப் பூட்டுப் போட மறக்க வேண்டாம்.

ஒரே பார்வையில்

| | சுவருக்குப் பின் ஃப்ரிட்ஜ் | நீண்ட லைன் | கதவில் டேப் | பாட்டில் கூலர் |
|---|---|---|---|---|
| சுவர் வேலை | ஒரு கோர் கட்டிங், வடிகால் | காடி, உறை, பூச்சு | இல்லை | இல்லை |
| முதல் கிளாஸ் | விசிறி இருந்தால் நன்று | சில்லர் இல்லாமல் நுரை | நன்று | கேள்வியே இல்லை |
| கழுவுதல் | சுமாரான வேலை | பெரிய வேலை | எளிது | இல்லை |
| கரண்ட் போனால் | ஷாங்க் மட்டும் சூடாகும் | லைன் முழுதும் சூடாகும் | சில மணி நேரம் தாங்கும் | சில மணி நேரம் தாங்கும் |
| மறைந்திருக்கும் செலவு | நீள ஷாங்க், சுவர் ஈரம் | சில்லரின் மின்கட்டணம் | அலமாரி அடைப்பு | பாட்டில் சேர்வது |
| வீடு மாறினால் | ஓட்டை மிச்சம் | எல்லாம் மிச்சம் | கூடவே வரும் | கூடவே வரும் |

தண்ணீர்

எந்த வழியில் டேப் வைத்தாலும் கெக்கில் ஊற்றும் தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. நம் இரண்டு மாவட்டத்திலும் பல ஊர்களின் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கோடு விழுந்த ஒரு தலைமுறையே இங்கே இருக்கிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கப்பட்டதே அதற்காகத்தான். கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் அடர்த்தியாகும். ஒகேனக்கல் தண்ணீர் அல்லது ஆர்ஓ தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். ஒருநாள் முழுக்கக் குளிர வைத்து, அப்புறம் கேஸ் கொடுங்கள். சூடான தண்ணீர் கேஸை வாங்காது.

கடைசியாகக் கேட்டவர் ஓசூர் பாகலூர் ரோட்டில் வீடு கட்டுகிறவர். கதவு டேப்புக்கு ஒப்புக்கொண்டார், ஆனால் மனசு கேட்கவில்லை. பூச்சு முடிவதற்கு முன் கொத்தனாரைக் கூப்பிட்டு ஹால் சுவரில் மூன்று அங்குல பிவிசி பைப் ஒன்றைப் பதிக்கச் சொன்னார். இரண்டு பக்கமும் மூடி போட்டாயிற்று. கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தேன். பன்னீர் சோடா ஃப்ரிட்ஜ் கதவிலிருந்து வந்தது. சுவரில் அந்த மூடி இருந்த இடத்தில் அவருடைய அம்மா முருகன் காலண்டர் மாட்டியிருந்தார்.